ஆண்டிபட்டிக் கணவாயும் குறிமாற்றமும்: ஒரு முன்னோடி ஆய்வு

'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்னும் தொன்மையான சூத்திரம் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடையே வாய்மொழியாக வழங்கி வருகிறது (காண்க: கணக்கு நோட்டு, பின்னட்டை). ஏன் மாறும் என்பதற்கு உரையாசிரியர் எவரும் உரை எழுதினாரில்லை.

களத்தரவு: வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோரத்துக்கு முதல் வெள்ள எச்சரிக்கை. நிரம்ப இன்னும் எத்தனை அடி? 66 + எக்ஸ் = 71. டீக்கடையில் பேப்பர் பார்க்கும் தாத்தா, "அஞ்சடிதேன்" என்று டீ ஆறுமுன் சொல்லிவிடுகிறார். பேரன் அதையே நான்கு படியில் எழுதிப் பெட்டி கட்டவேண்டும். விடையில் யாருக்கும் ஐயமில்லை. முனைவர் பட்டத்துக்கு ஏற்ற தலைப்பு என்பது அதனாலேயே உறுதியாயிற்று.

மாறியின் வகைகள்: எக்ஸ், ஒய். ஒய் இவ்வாய்வில் வாராது.

இனி கணவாய்க் கோட்பாடு. சமக்குறி என்பது ஆண்டிபட்டிக் கணவாய் வழியே செல்லும் தண்டவாளமே. உசிலம்பட்டியில் கூட்டலாக ஏறும் 66, ஆண்டிபட்டியில் கழித்தலாக இறங்குகிறது (மேற்படி நோட்டு, பின்னட்டை, எறும்பு நசுங்கிய இடத்துக்குக் கீழ்). சமக்குறியை ராபர்ட் ரெக்கார்டு அச்சில் தந்தது 1557இல். இக்கணவாய் வழியே செல்லும் போடி ரயில் பாதை திறந்தது 1928இல். கோட்பாட்டுக்கு ஒத்துவராத 371 ஆண்டுகளை அடிக்குறிப்பில் ஒதுக்குவது நம் துறையின் நன்மரபு.

2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயில் நின்றது. 2022 மே மாதம்தான் அகலப்பாதையில் தேனிவரை மீண்டும் ஓடியது. இடைப்பட்ட பதினோரு ஆண்டும் சமக்குறியின்றிப் பிள்ளைகள் எப்படிக் கணக்குப் போட்டனர்? இரு கோடுகளின் இடைவெளி 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 ஆனதே, எக்ஸின் மதிப்பும் கூடியதா? (மேற்படி, எறும்புக்கு இடப்புறம், எச்சில் தொட்டு அழித்த வரி, பாடபேதம்: 'போனா', அழித்த ஓட்டை வழியே அடுத்த பக்கத்து வரைபடமும் நோக்குக.)

மறுப்பு ஒன்றுண்டு. "எண்ணு எங்கயும் போகலப்பா. ரெண்டு தட்டுலயும் ஒரே எடைய எடுக்குறோம், தராசு சாயாம நிக்குது, அவ்வளவுதேன்" என்கிறார் சந்தையில் காய் நிறுக்கும் அக்கா. அவரிடம் ஆய்வேடு இல்லாததால் கருத்து பரிசீலிக்கப்படவில்லை.

குறி மாறும் இடத்தை நேரில் காண இருமுறை ரயிலேறினோம். முதல்முறை கணவாய் வருமுன் கண்ணயர்ந்துவிட்டது. மறுமுறை ஜன்னலோரம் கிடைக்கவில்லை. மூன்றாம் பயணத்துக்கான படி விண்ணப்பம் நிலுவையில் உள்ளது.