ரவுட்டருக்கு வாஸ்து

நம் வீடுகளில் டிவிக்கு ஹாலில் ராஜ சிம்மாசனம்; ரவுட்டருக்கோ கேபிள்காரர் துளை போட்ட மூலை, அதுவும் இரும்பு பீரோவுக்குப் பின்னால். படம் பாதியில் நின்று வட்டம் சுற்றினால், உடனே 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறிவிடுகிறோம். ஒரு 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ்ஸே தாராளம். மிச்சத்தை பீரோ பார்த்துக்கொள்ளும்.

5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் உண்டு, சுவர் தாண்டத்தான் தெம்பில்லை. 2.4 தாண்டிவிடும், ஆனால் பக்கத்திலேயே மைக்ரோவேவில் சாம்பாரைச் சூடாக்கினால் தடுமாறும். கஸ்டமர் கேரிடம் இருப்பது ஒரே மருந்து: “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்.” எரிச்சல் என்னவென்றால், பல நேரம் அது பலித்தும் விடுகிறது.

டிவிக்கு நேராக ஒரு லேன் கேபிள் இழுத்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் சுவரில் ஒயர் தெரிந்தால் வீட்டின் அழகு கெட்டுவிடுமாம்!