ஒன்பது விவரம் இல்லாமல் காப்பி கேட்காதவர்

டிவைஸ் டிரைவர் எழுதிப் பிழைக்கிறவர்களைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது சுலபம். ஓட்டலில் உட்கார்ந்ததும் நாமெல்லாம் "ஒரு காப்பி" என்போம். இந்த இனத்தார் அப்படிப் பொத்தாம்பொதுவாகக் கேட்க மாட்டார்கள். சர்வர் கையில் வேறு தட்டு இருக்கிறதா என்று முதலில் நோட்டம் விடுவார்கள். இல்லை என்று உறுதியானதும், எந்த டேபிள், எத்தனை காப்பி, சர்க்கரை எவ்வளவு, டம்ளரா கப்பா என்று வரிசையாகச் சொல்வார்கள். கடைசியில் "சரியா?" என்பார்கள். அந்தச் "சரி" வந்து சேராதவரை பேப்பரைப் பிரிக்க மாட்டார்கள்.

எங்கள் ஜீயபுரத்துக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருக்கிறார். ஊரில் கம்ப்யூட்டர் மாமா என்று பெயர். பெங்களூரில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு, கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். ஒரு பக்கம் கரூர் ரோட்டு பஸ் ஹாரன், இன்னொரு பக்கம் ஈரோடு லைன் ரயில், நடுவில் மாடி அறையில் மாமா.

"என்ன வேலை பாக்கறேள்?" என்று யாராவது கேட்டால், "கோரிக்கை தயார் பண்றேன்" என்பார். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர் போலிருக்கிறது என்று நினைத்த எதிர்வீட்டுப் பாட்டி, முதியோர் பென்ஷனுக்கு ஒன்று எழுதித் தரச் சொன்னாள். மாமாவும் எழுதித் தந்தார். படிவத்தில் இருந்த கட்டங்களையெல்லாம் நிரப்பினார். சம்பந்தமில்லாத கட்டங்களில் ஒழுங்காகக் கோடு போட்டார். பத்திரங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை பக்கம் என்று மேலே ஒரு சீட்டும் வைத்தார். மனு ஒரு தடவைகூடத் திரும்பி வரவில்லை.

பாட்டி நினைத்ததில் பெரிய தப்பு இல்லை. சாதாரண புரோகிராம் எதுவும் பிரிண்டரையோ காமிராவையோ நேரே தொட முடியாது. கெர்னல் என்ற உள்கட்டில் குடியிருக்கிற டிரைவர்தான் தொடலாம். படிப்பதும் எழுதுவதும் அன்றாடக் காரியங்கள், அவற்றுக்குத் தனி வழி உண்டு. பாட்டரி எவ்வளவு மிச்சம், சிடி தட்டை வெளியே தள்ளு, வேகத்தை மாற்று என்பது போன்றவை டிவைஸ் கன்ட்ரோல் ரெக்வெஸ்ட் என்ற வகையில் போகும். சில சமயம் ஒரு டிரைவரே இன்னொரு டிரைவரிடம் கேட்க வேண்டியிருக்கும். விண்டோஸில் அப்படி ஒரு கோரிக்கையைக் கட்டித் தருவதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதற்கு ஒன்பது விவரம் தர வேண்டும். என்ன வேண்டும் என்ற எண், யாரிடம், கொடுக்கிற சரக்கு எங்கே, அதன் நீளம் என்ன, பதிலை வாங்கிக்கொள்கிற இடம் எங்கே, அது எவ்வளவு கொள்ளும், இது உள்வீட்டு விவகாரமா, முடிந்தால் எந்த மணியை அடிப்பது, முடிவை எங்கே எழுதி வைப்பது.

முதலில் சொன்ன எண் இருக்கிறதே, அதற்குள்ளேயே நாலு பாகம். மொத்தம் 32 பிட். 16 பிட்டில் டிவைஸின் வகை, 2 பிட்டில் அனுமதி, 12 பிட்டில் என்ன வேலை, மீதி 2 பிட்டில் சரக்கை எந்த முறையில் மாற்றிக்கொள்வது. வேலை எண்களில் 2047 வரை மைக்ரோசாஃப்ட் தனக்கென்று வளைத்துப் போட்டுக்கொண்டது. மற்றவர்கள் 2048-லிருந்து தொடங்கிக்கொள்ள வேண்டியது. இதெல்லாம் சேர்ந்து உள்ளே போனால் வேலை கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். தயார் பண்ண மாமாவுக்கு ஒரு வாரம் ஆகும்.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? சாதாரண புரோகிராம் விழுந்தால் அது மட்டும்தான் விழும். கெர்னலுக்குள் ஒருத்தர் கால் இடறினால் மெஷின் முழுவதும் நீலத் திரையோடு உட்கார்ந்துவிடும். 2024 ஜூலை 19 அன்று உலகம் இதைப் பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்பெனியின் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பின்னால் வந்த அறிக்கையில் காரணம் இருந்தது. ஒரு பக்கம் 21 விவரம் என்று எழுதி வைத்திருந்தார்கள், மறுபக்கம் 20 மட்டுமே கொடுத்தது. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப் போன டிரைவர் யாருடைய நிலத்திலோ கால் வைத்து விழுந்தது. அறிக்கையை மாமா திண்ணையில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தார். துக்கமான குரல்தான். ஆனாலும் கல்யாணத்தில் சாம்பார் பற்றாது என்று முதல்நாளே சொன்ன மனிதரின் களை முகத்தில் இருந்தது.

இப்படிப்பட்டவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று கேட்கவே வேண்டாம். அவர் பயன்படுத்துகிற அந்த ஃபங்ஷனைக் கெர்னல் பரபரப்பில்லாமல் சாவதானமாக இருக்கிற வேளையில் மட்டுமே கூப்பிடலாம் என்று விதி. மாமியிடமும் அதே விதிதான். குக்கர் விசில் அடங்கி, டீவி சீரியலில் விளம்பரம் வந்து, அடுத்த தெரு சம்பந்தி போனை வைத்தபின்தான் காப்பி கேட்பார். அதற்குள் காப்பி வேளையே போயிருக்கும்.

சரக்கு மாற்றுகிற முறைகள் நாலு. முதலாவதை அவர் எனக்கு விளக்கிய நாளில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தூக்கில் பாயசம் வந்திருந்தது. "இதான்யா முதல் முறை" என்றார். கோரிக்கை எந்தப் பாத்திரத்தில் வந்ததோ, பதிலும் அதே பாத்திரத்தில்தான் போகும். நம் வீடுகளில் தூக்கை வெறுமனே திருப்பித் தருவதில்லை அல்லவா, வடையோ முறுக்கோ போட்டுத் தருவோமே, அப்படி. புதிதாக வந்த பையன்கள் செய்கிற தப்பு, பாயசத்தை எடுத்து வைக்காமலே வடையைப் போட்டுவிடுவது. வந்ததைப் படிக்கிறதுக்கு முன்னால் பதிலை எழுதினால் வந்தது அழிந்துபோகும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமி தூக்கைக் கழுவித் துடைத்து, தட்டை போட்டு அனுப்பிவிட்டாள். அவளுக்கு யாரும் கெர்னல் சொல்லித் தரவில்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் பெரிய சரக்குக்கு. விட்டுவிடலாம்.

அவரை நிஜமாகவே வாட்டுவது இந்த ஊர்க்காரர்களின் பதில்கள். கோரிக்கை போட்டால் மூன்று விதமான பதில்தான் வரலாம் என்பது அவர் உலகம்: முடிந்தது, முடியாது, நடந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது வந்தால் மணி அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், நகரக் கூடாது. போர் மோட்டார் ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிட்டார். "வந்துட்டே இருக்கேன் சார்" என்றது போன். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் ஆயிற்று. சாப்பிடக்கூடப் போகவில்லை. மணி அடிக்கிற நேரத்தில் ஆள் இல்லாமல் போனால் என்ன ஆவது? சாயங்காலம் மறுபடி போன் செய்தார். "பெட்டவாய்த்தலையில ஒரு வேலை சார், இதோ வந்துட்டே இருக்கேன்." கோபப்படவில்லை. "பெண்டிங்" என்று டைரியில் எழுதிக்கொண்டார்.

பங்குனித் திருநாளில் ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பெருமாள் ஜீயபுரம் எழுந்தருள்வதற்கு ஒரு கதை உண்டு. ரங்கன் என்ற பேரன் க்ஷவரம் பண்ணிக்கொள்ளப் போய்க் காவிரி வெள்ளத்தில் சிக்கிக்கொள்கிறான். பாட்டி "ரங்கா, ரங்கா" என்று கதறுகிறாள். பேரன் உருவத்தில் பெருமாளே வந்து உட்கார்ந்து பழையது சாப்பிடுகிறார். அப்புறம்தான் நிஜப் பேரன் வந்து சேருகிறான். மண்டபத்து வாசலில் நின்று மாமா இதற்கும் ஒரு வியாக்கியானம் சொன்னார். "டிரைவர்கள் ஒருத்தர் மேல ஒருத்தரா அடுக்கா இருப்பா. கோரிக்கை முதல்ல மேல இருக்கிறவர்கிட்டதான் போகும். அவரே முடிச்சுட்டா கீழ இருக்கிறவனுக்குச் சேதியே தெரியாது. பாட்டி எந்த ரங்கன்னு குறிப்பிடலை. மேல இருக்கிறவர் எடுத்துண்டுட்டார்." பக்கத்தில் நின்ற பெரியவர் விசிறியால் அவர் தோளில் தட்டினார். "ஓய், பாட்டி கேட்டது கெடச்சுதா இல்லையா?" மாமா ஒரு கணம் யோசித்தார். "சக்ஸஸ்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவர் முழுத் திருப்தியோடு வீடு திரும்புகிற இடம் ஒன்றே ஒன்று, ஓட்டுச்சாவடி. அதிகாரி கன்ட்ரோல் யூனிட்டில் பாலட் பொத்தானை அழுத்தினால்தான் ஓட்டுப் போடுகிற பெட்டிக்கு உயிர் வரும். இங்கே சிவப்பாக பிஸி விளக்கு, அங்கே பச்சையாக ரெடி விளக்கு. ஒரே ஒரு ஓட்டு. பீப் என்று சத்தம், சிவப்பு அணையும். அடுத்த அனுமதி வரும்வரை எத்தனை தடவை அழுத்தினாலும் அது அசையாது. "கோரிக்கைன்னா இது!" என்பார். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாவுக்கு, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்தபோது, இந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு இருந்ததில் மாமாவுக்குத் தன் சொந்த அத்தான் செய்த மாதிரி பெருமை. விவிபேட் சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குள் தெரியுமே, அந்த ஏழையும் வீணாக்காமல் பார்ப்பார். பின்னால் வரிசை முணுமுணுக்கும்.

நகைச்சுவையும் உண்டு அவருக்கு, ஆனால் கேட்கிறவர்களுக்கு அல்ல. யூனிக்ஸில் இந்தக் கோரிக்கைக்கு ஐயாக்டல் என்று பெயர், 1979-ல் வந்த ஏழாம் பதிப்பில் புகுந்தது. அப்போதெல்லாம் கட்டுப்படுத்த வேண்டிய டிவைஸ் பெரும்பாலும் டெலிடைப்தான். அதனால் சம்பந்தமில்லாத டிவைஸிடம் கேட்டால் யூனிக்ஸ் சொன்ன பதில், "இது டைப்ரைட்டர் அல்ல." ஒருநாள் ரேஷன் கடையில் யாரோ காஸ் சிலிண்டர் புக்கிங் பற்றிக் கேட்டுவிட்டார். மாமா வரிசையிலிருந்து "இது டைப்ரைட்டர் அல்ல!" என்று குரல் கொடுத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வரிசை சற்று விலகி நின்றது.

சரக்கு மாற்றுகிற நாலாவது முறைக்கு வருவோம். அதில் சிஸ்டம் எதையும் சரிபார்க்காது. கேட்டவர் சொன்ன விலாசத்தை அப்படியே டிரைவர் கையில் திணித்துவிடும். அங்கே இடம் இருக்கிறதா, எவ்வளவு கொள்ளும், அது யாருடையது, எல்லாம் உன் பாடு. மாமா தன் வாழ்நாளில் இந்த முறையைத் தொட்டதில்லை என்று சொல்லிக்கொள்வார். வீட்டில் தினமும் தொடுகிறார். "ஏன்னா, சந்தைக்குப் போய்க் காய்கறி பாத்து வாங்கிண்டு வாங்கோ" என்பாள் மாமி. என்ன காய், எத்தனை கிலோ, எந்தப் பை, ஒன்றும் கிடையாது. அந்தப் "பாத்து" ஒன்றுதான் விவரம்.

போன வாரம் அப்படித்தான் போனார். கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் நின்று மாமிக்கு மூன்று தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. கடைக்காரம்மா, "மாமி எப்பவும் வாங்குறதையே போடட்டுமா சாமி?" என்று கருணையோடு கேட்டாள். அந்தப் பட்டியலை யார் எப்போது சரிபார்த்தது என்று மாமா கேட்டார். அவள் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றார். "இன்வாலிட் பாராமீட்டர்" என்றார்.

"என்னது?"

"அளவு சொல்லலை நீ."

மாமி பதில் பேசவில்லை. ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். மாமா பின்னாலேயே போய், "எத்தனை மணிக்கு வருவே?" என்றார்.

"வந்துண்டே இருக்கேன்" என்றாள் மாமி, இன்னும் வாசற்படி தாண்டாமலே.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.