ஆர்கன்காரருக்குக் காய்ச்சல் வந்தால்

ஞாயிற்றுக்கிழமை ஆங்கில ஆராதனைக்கு ஆர்கன்காரர் வரமாட்டாராம், காய்ச்சல். "நம்ம தம்பிதான் கிட்டார் வாசிக்குமே" என்று ஆயரிடம் யாராவது போட்டுக்கொடுத்துவிடுவார்கள். அந்தத் தம்பி நீங்கள்தான் என்றால், கீழே உள்ளதைப் படிக்கவும்.

முதலில் ஹிம்ஸ் புத்தகத்தைத் திறந்து பயப்படவும். நான்கு குரலுக்காக எழுதியது என்பதால் அசைக்கு அசை கார்டு மாறும். சுருதியோ ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட் என்று கிட்டார்காரனுக்குப் பகை வீடாக இருக்கும். ஒரு கார்டையும் விடமாட்டேன் என்று கிளம்பினால், நீங்கள் இரண்டாம் வரியில் விரலைச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும்போது சபை மூன்றாம் சரணத்தில் இருக்கும்.

"அபைட் வித் மீ"யில் தொடங்குங்கள். ஹென்றி ஃபிரான்சிஸ் லைட் 1847இல் எழுதிய பாட்டு. 'ஈவன்டைட்' என்ற மெட்டு வில்லியம் ஹென்றி மங்க் போட்டது, 1861இல் வந்தது. தமிழ்ப் பாமாலையிலும் இதே மெட்டு உண்டு என்பதால் தப்பு நடந்தால் பாட்டிமாருக்கும் தெரிந்துவிடும். சுருதி ஈ ஃப்ளாட். முதல் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டி டி கார்டு பிடியுங்கள். முதல் கம்பியில் விரல் இருக்கிற இடம்தான் பாட்டின் முதல் இரண்டு சுரங்கள். அந்த விரலைத் தூக்கினால் மூன்றாவது. நான்காவது இரண்டாம் கம்பியில், அங்கேயும் விரல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சுகத்தை வெளியில் சொல்ல வேண்டாம். ராத்திரி முழுக்கச் சாதகம் பண்ணிய முகத்தோடு வாசிக்கவும்.

கட்டைவிரலுக்கு பேஸ், மற்ற விரல்களுக்கு மெட்டு. நடுக்குரல்களை அப்படியே விட்டுவிடுங்கள். ஆல்ட்டோக்காரர்கள் கோபித்தால், "உங்க பாகத்தை நீங்கதானே பாடணும்" என்று பணிவாகச் சொல்லலாம். முகாம் பாட்டுக்கு அடிக்கிற ஸ்ட்ரம்மிங் மட்டும் கூடாது. யாராவது கைதட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

உண்மையான கண்டம் வரியின் கடைசியில்தான். ஆர்கன் விரலை எடுக்கும்வரை ஒலிக்கும். கிட்டார் ஒலி இரண்டாம் எண்ணிக்கையிலேயே தேய்ந்துபோகும். அந்த இடைவெளியைப் பார்த்ததும் பின்வரிசை அண்ணாச்சி ஒருவர் அடுத்த வரிக்குள் தாவுவார், பாதி சபை அவர் பின்னால் போகும். ஆகவே கடைசிக் கார்டை மொத்தமாக அடிக்காமல் கம்பி கம்பியாகப் பிரித்து வாசித்து அந்த நேரத்தை ஓட்டவும். தாளக் கணக்கை மறந்துவிட்டு, முன்வரிசைப் பெரியம்மா மூச்சு இழுப்பதைப் பார்த்து அடுத்த வரியை எடுக்கவும். அந்த அம்மாள் ஐம்பது வருஷமாக எல்லா ஆர்கன்காரர்களையும் இப்படித்தான் நடத்திவருகிறார்.

மெட்டு மறந்துபோனால் பாட்டின் மேலே உள்ள, வரிக்கு எத்தனை அசை என்று சொல்லும் எண்களைப் பாருங்கள். 8.6.8.6 என்றிருந்தால் அதே அளவுள்ள வேறு மெட்டில் பாடிவிடலாம். "அமேசிங் கிரேஸ்" அப்படிப்பட்டதுதான். ஒரே ஒரு ஆபத்து, "ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்" மெட்டும் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். கிட்டார் பழகிய விரல்கள் தானாகவே அந்தப் பக்கம் சாயும். அது எந்த மாதிரி வீடு என்று தெரிந்த ஒருவர் சபையில் கட்டாயம் இருப்பார்.

"கோயிலுக்குள்ள கிட்டாரா?" என்று கமிட்டியில் கேட்டால், இங்கிலாந்தின் கிராமக் கோயில்கள் பலவற்றில் முன்பு பிடிலும் செல்லோவும் கிளாரினெட்டும்தான் பாட்டுக்குத் துணை நின்றன, ஆர்கன் பின்னால் வந்து அவற்றை வெளியேற்றியது என்று சொல்லுங்கள். தாமஸ் ஹார்டி 1872இல் இதை வைத்து ஒரு நாவலே எழுதியிருக்கிறார். ஆர்கன்காரர் குணமாகி வந்த பிறகு இந்தச் சரித்திரத்தை எடுக்க வேண்டாம்.

முடிவில் ஆமென். ஜி, பிறகு டி, இரண்டே கார்டு. அதை மட்டும் தாராளமாக வாசியுங்கள், வாசலில் கைகொடுப்பவர்களுக்கு அதுதான் ஞாபகம் இருக்கும். அடுத்த பாட்டு ஏ ஃப்ளாட் என்றால் கேப்போவைத் தொட வேண்டாம், ஜி பிடித்தால் போதும். பி ஃப்ளாட் என்றால் ஏ. ஜி ஃப்ளாட் என்றால் இருமிப் பாருங்கள், காய்ச்சல் உங்களுக்கும் வரலாம்.