மச்சானும் மரச் சேணமும்

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் இப்போது பரண் சுமப்பதில்லை. இடுப்பையும் தொடையையும் தாங்கும் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு, தலைக்கு மேலே மரத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் தொங்குகிறார்கள். 'டிரீ சேடல்', அதாவது மரச் சேணம் என்று பெயர். காலை ஊன்ற ஒரு சின்னத் தட்டு, கையில் வில். மான் இந்தப் பக்கம் வந்தால் மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் நகர்ந்து மறைந்துகொள்ளலாம்.

2020இல் மலேசியாவின் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் ஈப்போவே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, என் மச்சான் இதை யூடியூப்பில் பார்த்தார். ஆர்டரும் போட்டுவிட்டார்.

"மானுக்கு எங்க போவீங்க, மச்சான்?"

"பேராக்குல காட்டுக்கா பஞ்சம்?"

காட்டுக்குப் பஞ்சமில்லை. பெலும், தெமெங்கோர் பக்கம் மானும் உண்டு. ஆனால் ரூசா, கீஜாங் என்ற இருவகை மானையும் சுடுவதற்கான லைசென்ஸை வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தான் 2009லேயே நிறுத்தி, 2015இல் தடையை நீட்டியும் விட்டது. தீபகற்பக் காடுகளில் 150 புலிகூடத் தேறாது. இருக்கிற மானை அவற்றுக்காவது விட்டுவைப்போம் என்பது இலாகாவின் கணக்கு. புலியோடு பந்தியில் உட்கார மச்சான் தயாரில்லை. "அப்ப காட்டுப்பன்றி" என்றார். அதற்குத் துப்பாக்கி வேண்டும், துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். மச்சானிடம் இருந்த ஒரே லைசென்ஸ் லாரி ஓட்டுவது.

சரி, மான்தான் இல்லை. தொங்க மரமாவது வேண்டாமா? சுங்கை சிப்புட் பக்கம் மாமா பால் வெட்டிய தோட்டத்தை நினைத்தார். ரப்பர் மரம் காற்றுக்கு முறிகிற ஜாதி. 1877இல் குவாலா கங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று மாவட்ட அலுவலகத்துப் பக்கம் இன்னும் உறுதியாக நிற்கிறது. அதில் தொங்கினால் போலீஸ் வந்து இறக்கும். மாமாவுக்கு வேறு கவலை. "வெட்டுற பட்டையில கயிறு போட்டா தண்டல் தோல உரிச்சிருவான்டா!" தோட்டத்து மேற்பார்வையாளரான அந்தத் தண்டல் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். தோட்டத்தில் பாதி செம்பனை, மீதி வீடமைப்பு. ஆனாலும் மாமா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

செம்பனையில் மட்டையெல்லாம் முள். எலியைத் தேடி வரும் பாம்பு வேறு. டுரியான் மரத்தடியில் பருவத்தில் நிற்பதற்கே ஹெல்மெட் வேண்டும். கடைசியில் வீட்டுக்குப் பின்னாலிருந்த ரம்புத்தானில் சோதனை நடந்தது. வேட்டைக்காரன் அசையக் கூடாது என்ற விதியை மச்சான் மரியாதையாகக் கடைப்பிடித்தார், முசுறு எறும்புகள் சேணத்துக்குள் வழி கண்டுபிடிக்கும்வரை. பிறகு அவர் போட்ட சத்தத்தில் பெலும் காட்டு மானே ஓடியிருக்கும். இறங்கலாமென்றால் முடிச்சு அவிழவில்லை.

"முருகன் இப்படியா தொங்கினாரு?" என்றார் அத்தை, ஏணியைப் பிடித்துக்கொண்டே. கல்லுமலை முருகன் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். முருகன் வேட்டைக்கார வேடத்தில் தினைப்புனத்துக்கு வந்து வள்ளியிடம் மானை விசாரித்த கதை அவருக்கு மனப்பாடம். அங்கே பரணில் இருந்தவள் வள்ளி. வேடனோ தரையில் நின்றான். வள்ளியின் அப்பா நம்பிராஜன் வந்ததும் வேடனே வேங்கை மரமாகிவிட்டான். சேணம் எதற்கு? எனக்கு ராமனும் ஞாபகம் வந்தான். நம் கதைகளில் மான் தேடிப் புறப்பட்டவர்களில் ஒருவருக்கு மனைவி கிடைத்தாள், ஒருவருக்கு மனைவி தொலைந்தாள். தேடிய மானின் கறி மட்டும் இருவருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

சேணத்துக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. பெத்தாய் மரம் நெடுநெடுவென்று வளர்ந்து கொப்பின் நுனியில் காய்க்கும். பறிக்க ஆள் கிடைப்பது கஷ்டம். காய்க்கிற காலத்தில் அக்கம்பக்கத்தார் மச்சானைத்தான் கூப்பிடுகிறார்கள். கூலியாக வரும் கட்டு அத்தையின் நெத்திலி சம்பலுக்குப் போகிறது. அமெரிக்காவிலிருந்து சேணத்தோடு வந்த இலை போட்ட பச்சைச் சட்டையை மாட்டாமல் மட்டும் அவர் ஏறுவதில்லை. பெத்தாய் பார்த்துவிட்டு ஓடிவிடக் கூடாதாம்.