முதல் அழகிப் போட்டியில் நம்மவர்

கேள்வி: முதல் மிஸ் யுனிவர்ஸ் போட்டியில் இந்தியப் பெண் யாராவது கலந்துகொண்டாரா?
– வாசகி, லாங் ஐலண்ட், அந்தமான்

பதில்: ஆமாம், நம் சென்னையில் பிறந்த இந்திராணி ரஹ்மான்! 1952-ல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில், தலையில் பூவும் நெற்றியில் பொட்டுமாக நின்றார். அப்போதே அவர் ஒரு குழந்தைக்குத் தாய்.

போட்டி பிறந்த கதைதான் வேடிக்கை. மிஸ் அமெரிக்கா யோலாண்ட் பெட்பீஸ், நீச்சலுடையில் விளம்பரத்துக்கு நிற்கமாட்டேன் என்று மறுத்தார். துணிச்சல்காரி! கோபித்துக்கொண்ட நீச்சலுடைக் கம்பெனி கேட்டலினா, தனக்கென்று ஒரு பிரபஞ்சத்தையே தொடங்கிவிட்டது.

கிரீடம் பின்லாந்தின் ஆர்மி கூசெலாவுக்குப் போனது. சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதம் பயின்ற இந்திராணியோ, பிறகு ஒடிசியையும் கற்று உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார். 1969-ல் பத்மஸ்ரீ பெற்றார். எனக்கு அந்தக் கிரீடத்தைவிட இந்தச் சலங்கைதான் பெரிது.