நாளைக்குப் பார்த்துக்கலாம்!

கேள்வி: எதையும் 'நாளைக்கு' என்று தள்ளிப்போடுவது பாவக் கணக்கில் சேருமா?
— வாசகர், ஜோலார்பேட்டை

பதில்: ஜங்ஷன்காரர் கேட்கிற கேள்வியா இது? சேலம் வண்டியா, பெங்களூரு வண்டியா என்று டீக்கடையில் யோசித்து நின்றே வண்டியைத் தவறவிட்டவர்களைத் தினமும் பார்க்கிறீர்களே!

நன்மை செய்யத் தெரிந்தும் செய்யாவிட்டால் பாவம்தான் என்கிறது யாக்கோபு நிருபம் (4:17). கைதியாக நின்ற பவுல் பேசப் பேச நடுங்கிப்போன தேசாதிபதி பேலிக்ஸ், 'சமயம் வரட்டும், கூப்பிடுகிறேன்' என்றார். கூப்பிடவும் செய்தார், லஞ்சம் தேறுமா என்று பார்க்க! இரண்டு வருஷத்தில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

உங்கள் பக்கத்து வேலூருக்கு வருவோம். அம்மாவைக் கவனிக்கத் திண்டிவனம் வந்த ஐடா ஸ்கடருக்கு அமெரிக்கா திரும்பும் எண்ணம்தான். ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு அழைத்தார்கள். அவருடைய அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். 'நல்ல நாள் பார்த்து' என்று ஐடா சொல்லவில்லை. டாக்டருக்குப் படிக்கப் போனார். 1899-ல் பட்டம், 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டில், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி.

அது சரி, நீங்கள் எதைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று எழுதவே இல்லையே? அடுத்த கடிதத்திலா?