ரோஜாப்பூவுக்குக் கீழே ஓர் அரிய சொல்

நேற்றுக் காலையும் கைப்பேசிக்குக் காலை வணக்கம் வந்துவிட்டது. ரோஜாப்பூ, ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை, அதற்குக் கீழே அன்றைய அரிய ஆங்கிலச் சொல்: அப்ரிசிட்டி. குளிர்கால வெயிலின் இதமான சூடு என்று பொருளாம். லத்தீனிலிருந்து வந்ததாம். இனி நீங்களும் பேச்சில் பயன்படுத்துங்கள் என்று ஒரு கட்டளை வேறு. எங்கே பயன்படுத்துவது? சென்னையில் குளிர்காலம் இருப்பதாக ஸ்வெட்டர் விற்பவர்களைத் தவிர யாரும் நம்புவதில்லை. இப்படிப்பட்ட சொற்களைச் சேர்த்துவைக்கும் கூட்டத்தில் நானும் உண்டு, நீங்களும் உண்டு. ஆகவே பழக்கத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். சேர்த்த சொல்லை நாம் பயன்படுத்துவதில்லை, அடுத்தவர் பயன்படுத்தினால் மட்டும் எரிச்சல் வரும் என்பது நமக்குள் இருக்கட்டும். என் கட்சி இதுதான்: ஒரு சொல் அரிதாகிப் போனதற்குப் பெரும்பாலும் தக்க காரணம் இருக்கும், அதன் பிறப்புக் கதை எவ்வளவு அழகோ, அவ்வளவு சந்தேகம் வேண்டும்.  சாட்சிகளை விசாரித்துப் பார்ப்போம்.

முதல் சாட்சி அந்த அப்ரிசிட்டியேதான். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இதற்குக் காட்டும் பழைய ஆதாரம் ஒன்றே ஒன்று: 1623-இல் ஹென்றி காக்கரம் என்பவர் வெளியிட்ட அகராதி. அந்தக் காலத்து ஆங்கில அகராதிகளில் சோறு, தண்ணீர், கதவு போன்ற சொற்களுக்கு இடமில்லை. அவைதான் எல்லோருக்கும் தெரியுமே. 1604-இல் ராபர்ட் காட்ரி போட்ட முதல் அகராதியில் சுமார் 2,500 சொற்கள், எல்லாம் கடினச் சொற்கள். பிறகு வந்தவர்கள் கடினத்தில் ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்த்தார்கள். லத்தீன் அகராதியைத் திறந்து ஒரு சொல்லை எடுத்து, அதற்கு ஆங்கில வால் ஒன்றை ஒட்டினால் சரக்கு தயார். காக்கரம் இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர். அப்ரிசிட்டி அவர் கேட்ட சொல்லா, அவரே செய்த சொல்லா என்று அகராதிக்காரர்களுக்கே ஐயம் உண்டு. தாமஸ் பிளவுண்ட் 1656-இல் ஓர் அகராதி போட, 1658-இல் எட்வர்ட் பிலிப்ஸ் அதை வாரி எடுத்துத் தன் பெயரில் போட்டார். பொறுத்துப் பார்த்த பிளவுண்ட், பிலிப்ஸின் பிழைகளைப் பட்டியலிட்டே 1673-இல் தனிப்புத்தகம் போட்டுவிட்டார். இந்தச் சண்டையில் புழங்கிய சொற்களில் பலவற்றை எந்த ஆங்கிலேயரும் வாய்திறந்து சொன்னதாகத் தெரியவில்லை. வேண்டாம் என்று ஒரு நாடே தள்ளிய சரக்கு, நானூறு வருடம் கழித்து ரோஜாப்பூவோடு நம் கைப்பேசிக்கு வந்து இறங்குகிறது.

நீளச் சொற்களின் கதை இன்னும் மோசம். நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கானோகோனியோசிஸ் என்ற 45 எழுத்துச் சொல்லைப் பள்ளி ஆண்டுவிழாவில் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் குழந்தைக்கு இன்றும் கைதட்டு கிடைக்கிறது. எரிமலைத் தூசியால் நுரையீரலுக்கு வரும் நோய் என்று விளக்கமும் சொல்கிறார்கள். 1935-இல் அமெரிக்கப் புதிர்ப் பிரியர்களின் சங்கத் தலைவர் எவரெட் ஸ்மித், அகராதியிலேயே நீளமான சொல்லாக இருக்கட்டும் என்று அதைக் கோத்தார். மருத்துவர்கள் அந்த நோயைச் சிலிகோசிஸ் என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறார்கள். ஃபிளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன், 29 எழுத்து, ஒன்றைச் சல்லிக்காசு பெறாது என்று ஒதுக்குவது, மாணவர் விளையாட்டு. ஈட்டன் பள்ளியின் லத்தீன் இலக்கணத்தில் அற்பம் என்று பொருள்படும் நான்கு சொற்கள் வரிசையாக இருந்தன: கம்பளித் துணுக்கு, கொட்டை ஓடு, ஒன்றுமில்லை, ஒரு மயிர். நான்கையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான் இந்தச் சொல். வில்லியம் ஷென்ஸ்டன் என்ற கவிஞர் 1741-இல் ஒரு கடிதத்தில், பணத்தை மதிக்காத ஒருவரைப் பாராட்ட இதைப் போட்டார். 2018-இல் சசி தரூர் தம் புத்தகத்தை அறிவிக்க இதையே எடுத்தார். நாடே அகராதியைப் புரட்டியது. தரூர் சொன்னால் மட்டும் ஏன் ரசிக்கிறோம் என்று கேட்கலாம். அவர் அதை விளம்பரம் என்று தெரிந்தே செய்கிறார். நாம் அறிவு என்று நினைத்துச் செய்கிறோம்.

இனிப் பிறப்புக் கதைகள். இதில் எனக்குத் தனிப்பட்ட கடுப்பு ஒன்று உண்டு: நியூஸ். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்ற நான்கு திசைகளுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்ததுதான் நியூஸ் என்று, தமிழ்நாட்டில் பொது அறிவுப் புத்தகம் பார்த்த ஒவ்வொருவரும் சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திசைகளை அந்த வரிசையில் எந்த மனிதன் சொல்வான்? நாம் கிழக்கு மேற்கு தெற்கு வடக்கு என்போம். ஆங்கிலேயர் வடக்கு தெற்கு கிழக்கு மேற்கு என்பார்கள். அதன்படி கோத்தால் வருவது தும்மல். நியூஸ் என்று முடிவு கட்டிவிட்டு, திசைகளைப் பிடித்துத் தள்ளி வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். நான்கு திசைச் செய்தி சரி, ஈசானிய மூலையில் தீப்பிடித்தால் யார் எழுதுவது? பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுப் பிரசுரங்களில் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் இன்னொரு இ சேர்த்துத்தான் அச்சடித்தார்கள். அந்த இரண்டாவது கிழக்கு எங்கே போயிற்று? விஷயம் இவ்வளவுதான்: நியூ என்றால் புதியது, நியூஸ் என்றால் புதியவை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் இந்த உண்மையில் சுவாரசியம் இல்லை. அதனால் திசைகாட்டியைக் கொண்டுவந்தார்கள். முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வது பெருவழக்கானது இருபதாம் நூற்றாண்டில்தான். அக்ரோனிம் என்ற பெயரே 1940களில்தான் ஆங்கிலத்தில் பரவியது. பெண்களுக்கு அனுமதியில்லை என்ற வாக்கியத்தின் சுருக்கமாம் கோல்ஃப். 1457-இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்று அந்த ஆட்டத்துக்குத் தடை போட்டபோதே அதற்கு அந்தப் பெயர்தான். தடை ஆண்களுக்கும் சேர்த்து. கப்பலில் நிழல் விழும் பக்கத்து அறைகளின் சுருக்கமாம் பாஷ். அந்த எழுத்துகள் குத்திய டிக்கெட் ஒன்றைக்கூட இதுவரை யாரும் காட்டவில்லை. நம் வீட்டுச் சரக்கும் இதே ரகம். தமிழ் என்ற சொல்லில் வல்லினம், மெல்லினம், இடையினம் மூன்றும் இருப்பதை ஓர் அதிசயமாகச் சொல்கிறோம். இருக்கிறது, மறுக்கவில்லை. கமலாவிலும் இருக்கிறது. குமுளியிலும் இருக்கிறது. சமையலில், சாமியாரில், பனியனில் இருக்கிறது. பனியனுக்கு யாரும் விழா எடுக்கவில்லை. 

கதை இல்லாத சொல்லுக்கு என்ன கதி என்பதற்கும் சாட்சி உண்டு. 1931-இல் வெப்ஸ்டர் அகராதியின் வேதியியல் ஆசிரியர் ஆஸ்டின் பேட்டர்சன் ஒரு சீட்டு எழுதினார்: அடர்த்தி என்பதற்குப் பெரிய டி அல்லது சின்ன டி என்ற குறியை இடலாம் என்று. அல்லது என்பதற்கான ஆங்கிலச் சொல் இரண்டு டிக்களுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள, டோர்டு என்ற புதுச் சொல் 1934 பதிப்பில் அச்சேறிவிட்டது, பொருள் அடர்த்தி. 1939 வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. எப்படி மாட்டியது தெரியுமா? சொற்பிறப்பு கொடுக்காமல் விட்டிருந்ததை ஓர் ஆசிரியர் கவனித்தார். எதிர்ப்பக்கம் பாருங்கள்: 2001-இல் ஆக்ஸ்ஃபோர்டின் அமெரிக்க அகராதி ஒன்றில், திருடர்களைப் பிடிக்க வேண்டுமென்றே வைத்த பொய்ச் சொல் எஸ்குவிவேலியன்ஸ். தன் கடமையிலிருந்து வேண்டுமென்றே நழுவுவது என்று பொருள். நழுவுதல் என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்திருக்கலாம் என்று பிறப்புச் சான்றிதழும் கொடுத்தார்கள். 2005-இல் பொய் வெளியே வந்தது. டோர்டுக்கு மட்டும் யாராவது ஒரு லத்தீன் தாத்தாவைப் பிடித்துக் கொடுத்திருந்தால் இன்று காலை காப்பிக் கோப்பைக்குக் கீழே அதுவும் வந்திருக்கும்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம், நாலு சொல் கூடுதலாகத் தெரிந்தால் நல்லதுதானே என்பார்கள். தெரிந்துகொண்டால் நல்லதுதான், அனுப்பிவிட்டால் தெரிந்துகொண்டதாக நினைப்பதுதான் நஷ்டம். மழை மண்வாசனைக்கான பெட்ரிகோர் பிழைத்துக்கொள்ளவில்லையா என்றும் கேட்பார்கள். நல்ல கேள்வி. முதல் தூறலுக்கு நகரமே அந்தச் சொல்லை ஸ்டேட்டஸாகப் போடுவதைக் கண்டு எனக்கும் பல் கூசுகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு வேலை இருந்தது. 1964-இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் உலர்ந்த பாறையிலிருந்தும் களிமண்ணிலிருந்தும் ஓர் எண்ணெயை வடித்தெடுத்தார்கள். எடுத்த பொருளுக்குப் பெயர் வேண்டும், வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் அத்தர்க்காரர்கள் அந்த வாசனையை முன்பே குப்பியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்ததையும் அவர்கள் குறிப்பிட்டார்கள். பொருள் முதலில், பெயர் பிறகு. காக்கரம் செய்தது தலைகீழ்.

நம்மவர்களுக்கு இன்னொரு ஆசை, எல்லா ஆங்கிலச் சொல்லும் தமிழிலிருந்து போனதாகக் காட்டுவது. காசிலிருந்து கேஷ் என்று அடித்துச் சொல்கிறோம். கீழை நாட்டுச் சில்லறை நாணயத்தைக் குறித்த கேஷ் ஒன்று உண்டு; அது போர்ச்சுகீசியர் வழியாகப் போன நம் காசு. வங்கியில் எண்ணுகிற கேஷ் வேறு. அது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பாதி உண்மையை முழுதாக்கத் துடிக்கிற நேரத்தில், முழு உண்மை கேட்பாரற்றுக் கிடக்கிறது. மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் மூலப்பொருளான கனிமத்துக்கு உலகம் முழுக்க விஞ்ஞானிகள் சொல்லும் பெயர் கொரண்டம், நம் குருந்தம். மோஸ் அளவில் அதன் கடினம் 9. அதற்கு மேல் வைரம் ஒன்றுதான். எமரித்தாள் வாங்கித் தேய்க்கும் தச்சர் கையில் அது தினமும் புழங்குகிறது. அரிதாக இல்லாததால் நமக்கு அதில் ருசி இல்லை. ஆங்கில அகராதிக்காரர்களின் உயிரை வாங்குவதும் அரிய சொற்கள் அல்ல. ரன் என்ற மூன்றெழுத்து வினையைப் புதுப் பதிப்புக்காகப் பிரித்து எழுத ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. அவர் எண்ணி முடித்தபோது பொருள்கள் 645.